பசியே எடுக்காத சூப்பக்கா

சூப்பக்காவுக்குப் பசிக்காது. அந்த ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளியில் தொடங்கி மேல்மாடி டாக்டர்கள் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. "அந்தம்மா காத்தைக் குடிச்சே உயிர் வாழுது" என்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம், "ஒரு டம்ளர் டீயைக் குடிச்சுட்டு நாள் பூரா ஓடுது பாருங்க" என்று அவளைக் காட்டுவார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "போங்க, சும்மா இருங்க" என்பாள். ஆனால் முகத்தில் ஒரு பளபளப்பு ஏறிவிடும். பட்டம் வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்குகிறவர்கள் முகத்தில்கூட அப்படி ஒரு பளபளப்பைப் பார்க்க முடியாது.

உள்ளதைச் சொன்னால், அவளுக்குப் பசிக்கும். நன்றாகவே பசிக்கும். வெயில் ஏற ஆரம்பித்தால் போதும், வயிறு இரைய ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தம் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று சாப்பாட்டு வண்டியைக் கடகடவென்று வேகமாகத் தள்ளுவாள். சக்கரத்துக்கு எண்ணெய் போட ஆள் வந்தபோது, "வேணாம், இருக்கட்டும். நான் வர்றது நோயாளிங்களுக்குத் தெரியணும்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவனும் நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு போனான்.

அவள் வேலை பார்த்தது ஆபரேஷன் முடிந்தவர்கள் தேறிவரும் வார்டில். சமையலறையிலிருந்து சூப்புப் பாத்திரத்தையும் தட்டுகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, கட்டில் கட்டிலாகப் பரிமாறி, சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் அவளிடம் ஒரு வாய் இருந்தது. சாப்பிட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நோயாளியிடம் குனிந்து, "ஏங்க, அந்த உடம்பு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு? இத்தனை வருஷமா உங்களைத் தூக்கிச் சுமந்துட்டுத்தானே வருது? அதுக்கு ஒரு வாய் கொடுங்க" என்பாள். நெஞ்சிலிருந்து வருகிற பேச்சு. கல்லாக உட்கார்ந்திருப்பவர்கள்கூட வாயைத் திறந்துவிடுவார்கள். அதே பேச்சைத் தன் உடம்பிடம் ஒரு நாளாவது பேசியிருக்கலாம். பேசவில்லை.

இந்தப் பசிக்காத பெயர் அவளுக்குக் கிடைத்தது கல்யாணமான புதிதில். வீட்டுக்கு எதிர்பாராமல் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், சமைத்தது போதவில்லை. புது மருமகள் சட்டென்று, "எனக்குப் பசியே இல்ல அத்தை, நீங்க எல்லாரும் சாப்பிடுங்க" என்றாள். எதற்கெடுத்தாலும் குற்றம் கண்டுபிடிக்கிற மாமியார் அன்றைக்கு முதல் தடவையாக வாய் நிறையப் பாராட்டினார். "எங்க வீட்டு மருமகளுக்கு வாயும் சின்னது, வயிறும் சின்னது" என்று வந்தவர்களிடம் பெருமை அடித்தார். அந்தப் பாராட்டு அவளுக்கு இனித்தது. மறுநாளும் பசிக்கவில்லை என்றாள். அதற்கு அடுத்த நாளும் சொன்னாள். மாமியார் போய்ச் சேர்ந்தே பல காலம் ஆகிவிட்டது. வீட்டில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடும் கிடையாது. கணவர் அச்சகத்தில் வேலை செய்கிறார், மகன் சம்பாதிக்கிறான். இருந்தும் அவர்கள் இருவரும் சாப்பிட்டு முடித்து எழுந்த பிறகு, அடுப்படியில் நின்றபடி பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை வழித்து வாயில் போட்டுக்கொள்வதுதான் அவள் சாப்பாடு.

ஆஸ்பத்திரியிலும் அவள் பட்டினி கிடக்க வேண்டிய அவசியமே இல்லை. சமையலறைக்குப் பின்னால் வேலையாட்களுக்கென்று ஒரு நீண்ட மேசை உண்டு. நோயாளிகளுக்குச் செய்கிற அதே சாப்பாடு அவர்களுக்கும் உண்டு. எண்ணெய் கம்மியாக, காய் நிறையப் போட்டு, சுடச்சுட இருக்கும். காய் நறுக்குகிற அக்கா ஒருத்தி அங்கே தலைமைப் பீடத்தில் உட்கார்ந்திருப்பாள். வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். ரேடியோவின் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் எல்லா மாடிக்கும் போய்விடும்.

"வாயேன்டி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்று ரேடியோ தினமும் கூப்பிடுவாள்.

"எனக்குத்தான் பசிக்காதே" என்பாள் சூப்பக்கா. மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளை அதிசயமாகப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக ஒரு மனுஷி சுடு சாப்பாட்டை விட்டுக்கொடுத்தாள் என்றால், அந்த முட்டாள்தனத்தை என்னவென்று சொல்வது!

அந்த வார்டில் தட்டுகளைத் திரும்ப எடுத்துப் போவதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் கட்டில் எண்ணைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். முழுக்கச் சாப்பிட்டவர்களின் தட்டு வண்டியின் மேல் அடுக்கில் வரும். மிச்சம் வைத்தவர்களின் தட்டு கீழ் அடுக்கில் வரும். வண்டி வார்டு வாசலைத் தாண்டும்போது பெரிய நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு அடுக்கையும் ஒரு பார்வை பார்ப்பார். யார் தேறுகிறார்கள், யாருக்குக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், யாருக்கு மூக்கில் குழாய் போட்டு ஊட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பார்வையில் தெரிந்துவிடும். மிச்சம் வந்தது குப்பைத் தொட்டிக்குத்தான் போக வேண்டும், யாரும் வாயில் வைக்கக் கூடாது. சூப்பக்கா வேலைக்குச் சேர்ந்த அன்றே இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் பெரிய நர்ஸ்தான்.

ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒரு பஸ் டிரைவர் வந்து சேர்ந்தார். வயிற்றில் ஆபரேஷன். ஆள் நல்ல ஆகிருதி. கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருக்கும். மனைவி இல்லை. ஒரே மகள், பள்ளிக்கூட டீச்சர், காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்திருப்பாள், சாப்பாட்டு நேரத்தில் இருக்க மாட்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அவருக்குச் சாப்பாட்டின் வாசனையே ஆகவில்லை. வாயில் வைத்தால் மண்ணைத் தின்கிறது போல இருக்கிறது என்றார். சூப்பக்கா, "உடம்பு என்ன பாவம் பண்ணுச்சு" என்று தன் பாட்டைப் பாடிப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

"எடுத்துட்டுப் போயிடு தங்கச்சி" என்றார்.

"மிச்சம் வச்சா சிஸ்டர் பார்ப்பாங்கண்ணே."

"அதான் சொல்றேன். பக்கத்துக் கட்டில்காரருக்கு மூக்குல குழாய் விட்டாங்களே, பார்த்தேன். எனக்கு அது வேணாம். எம் பொண்ணு வேற பயந்துடும். எப்படியாவது காலித் தட்டா கொண்டு போயிடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

தட்டில் சூப்பு இருந்தது. கெட்டியான காய்கறிச் சூப்பு, அவள் கையாலேயே ஊற்றியது. மசித்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, இரண்டு துண்டு ரொட்டி. ஆவி அவள் முகத்தில் அடித்தது. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "சரிண்ணே" என்றாள். அந்தச் 'சரி'யைச் சொன்னது அவள் வயிறு.

பஸ் டிரைவரின் கட்டிலுக்கு எதிரே படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. கதவில் பாதிக்கு மேல் மங்கல் கண்ணாடி. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது என்று அவள் நம்பினாள். விரிப்பு எடுக்கப் போகிறவள் மாதிரி தட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டாள். சாப்பிட்டாள் என்று சொல்வது மரியாதைக்கு. விழுங்கினாள். ரொட்டியைச் சூப்பில் முக்கி, மெல்லாமல் உள்ளே தள்ளி, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தட்டை மேல் அடுக்கில் வைத்தாள்.

"பரவாயில்லையே, டிரைவர் நல்லாச் சாப்பிடறாரே!" என்றார் பெரிய நர்ஸ். "உங்க வாய்க்கு மயங்காத ஆள் உண்டா சூப்பக்கா?"

அவளுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனால் வயிறு நிறைந்திருந்தது. நாளைக்கு அவரை எப்படியாவது சாப்பிட வைத்துவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாள் இரண்டு தடவை வற்புறுத்தினாள். அதற்கு மறுநாள் ஒரு தடவை. பிறகு ஒப்புக்குத்தான் கேட்டாள். அவர் தலையாட்டுவதற்கு முன்பே கை தட்டுக்குப் போனது. இதை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் கூசிப்போனாள். சாப்பிட்டதைக்கூட விடு, அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே என்று மனசு எதிர்பார்க்க ஆரம்பித்ததே, அதை எங்கே கொண்டு போய்க் கழுவுவது?

ஒரு மத்தியானம் அவசரத்தில் முட்டையை முழுசாக வாயில் போட்டுவிட்டாள். தொண்டையில் அடைத்துக்கொண்டது. மூச்சு நின்றுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் குத்திக்கொண்டு, ஒரு வழியாக அது இறங்கியபோது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெளியே தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், பஸ் டிரைவர் கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடக்கிறார். தரையெல்லாம் தண்ணீர்.

நர்ஸுகள் ஓடி வந்து தூக்கிப் படுக்க வைத்தார்கள். பாத்ரூம் போக எழுந்தாராம், கால் நிற்கவில்லையாம். கட்டிலுக்கு அடியில் உருண்டுபோயிருந்த டம்ளரை எடுத்து வைத்ததும், தரையைத் துடைத்ததும் சூப்பக்காதான்.

மறுநாள் மத்தியானம் டாக்டர் வந்து அவரைப் பார்த்துவிட்டு, அவர் மகளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். மகள் அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். சூப்பக்கா அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எடை குறைஞ்சுக்கிட்டே போகுதும்மா. ஆனா சாப்பாடு முழுசா இறங்குது."

"ஆமா டாக்டர், தட்டு தினமும் காலியாத்தான் போகுதுன்னு சிஸ்டரும் சொன்னாங்க."

"அதுதான் எனக்குப் பயம். சாப்பிடறது எதுவும் உடம்புல ஒட்டலைன்னா உள்ளே ஏதோ கோளாறு இருக்குன்னு அர்த்தம். ஸ்கேன்ல தெளிவா ஒண்ணும் தெரியல. நாளைக்குக் காலையில மறுபடி திறந்து பார்த்துடலாம். அவர்கிட்ட இப்பவே சொல்லாதீங்க, பயந்துடுவார்."

"இந்த உடம்போட இன்னொரு ஆபரேஷனைத் தாங்குவாரா டாக்டர்?"

டாக்டர் கையிலிருந்த ஃபைலை மூடினார். "வேற வழி இல்லம்மா" என்று மட்டும் சொன்னார்.

சூப்பக்காவின் கையில் இருந்த தட்டு நழுவி வண்டியில் விழுந்து கலகலத்தது. காய்ந்துபோன அந்த மனுஷனின் வயிற்றை மறுபடியும் கிழிக்கப் போகிறார்கள். எதற்கு? அவள் வயிற்றுக்குள் போனது அவர் வயிற்றுக்குள் போனதாக நினைத்துக்கொண்டு. இந்த ஆஸ்பத்திரி முழுக்க அவள் ஒருத்திக்குத்தான் இரண்டும் தெரியும். அவருக்கு ஆபரேஷன் விஷயம் தெரியாது, டாக்டருக்குத் தட்டு விஷயம் தெரியாது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தட்டுகளைக் கழுவப் போட்டாள். கழுவினதையே மறுபடி கழுவினாள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எப்படிச் சொல்வது? பசியே எடுக்காத சூப்பக்கா நோயாளியின் தட்டைத் திருடித் தின்றாள் என்றா? நினைக்கும்போதே காது மடல் சுட்டது. வேலை போனாலும் போகட்டும். ரேடியோவின் வாயில் விழுந்து, மாடி மாடியாக அது ஏறி இறங்கி, காவலாளி தன்னைப் பார்த்துச் சிரிப்பானே, அதைத்தான் அவளால் தாங்க முடியாது போலிருந்தது.

மனசு உடனே ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அதில் அது கெட்டிக்கார மனசு.

பெரிய நர்ஸிடம் போனாள். "சிஸ்டர், அந்த டிரைவர் அண்ணன் சாப்பிடறதே இல்ல. ஆரம்பத்துல இருந்தே."

"என்ன உளர்றீங்க? தட்டு மேல் அடுக்குலதானே வருது?"

"அவர் கெஞ்சிக் கேட்டார் சிஸ்டர். குழாய் போட்டுடுவாங்கன்னு பயந்தார். நான்தான்... நான்தான் கொட்டிட்டேன்."

பெரிய நர்ஸ் எழுந்தே நின்றுவிட்டார். "உங்களுக்குப் புத்தி இருக்கா? நாளைக்கு அந்த ஆள் வயித்துல மறுபடி கத்தி வைக்கப் போறாங்க, தெரியுமா?" என்று கத்தினார். கத்திக்கொண்டே டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் என்ன சொன்னாரோ, நர்ஸின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. ஆபரேஷன் இப்போதைக்கு நின்றது. குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார்கள். சூப்பக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. திட்டு வாங்கியதோடு போயிற்று. பெயரும் தப்பியது.

இதோடு முடிந்திருந்தால் அவள் கடைசிவரை பசிக்காதவளாகவே காலம் தள்ளியிருப்பாள். ஆனால் பெரிய நர்ஸ் போய் அவர் மகள் டீச்சரிடம் சொல்லிவிட்டார். டீச்சர் புயல் மாதிரி வார்டுக்குள் வந்தாள். விஷயம் கேள்விப்பட்டு, கையில் கத்தரிக்காயோடு ரேடியோ வாசலில் வந்து நின்றுவிட்டாள். குளுக்கோஸ் பாட்டிலை மாட்டுவதற்கு நர்ஸுக்கு உதவியாகக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் சூப்பக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, சாப்பாட்டைக் கொட்டச் சொன்னீங்களாமே?"

பஸ் டிரைவர் மகளை ஏறிட்டுப் பார்த்தார். "கொட்டவா?"

"மறைக்காதீங்கப்பா. சின்ன வயசுல நான் தட்டுல ஒரு பருக்கை விட்டாக்கூட எழுந்திருக்க விட மாட்டீங்க. சாப்பாட்டைக் கொட்டறவங்களைப் பார்த்தா உங்களுக்கு ஆகாது. ரூட்டுல யாரோ பொட்டலத்தைத் தூக்கிப் போட்டாங்கன்னு பஸ்ஸை நிறுத்திச் சண்டை போட்டவர் நீங்க. நீங்களா இப்படிப் பண்ணீங்க? தினமும் கொட்டினீங்களா?"

"நான் கொட்டச் சொல்லலம்மா."

"அப்ப அந்த அக்கா பொய் சொல்றாங்களா?"

அவர் வாயைத் திறந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சரிம்மா. நான்தான் சொன்னேன். தப்புதான்" என்றார்.

மகளுக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பெரிய ஆள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, செய்யாத குற்றத்துக்குக் கூனிக் குறுகிக் கிடந்தார். தன் மகளின் கண்ணெதிரே கிடந்தார். தப்பித்துவிட்டோம் என்று சற்று முன்னே நிம்மதிப் பெருமூச்சு விட்டோமே என்று சூப்பக்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அவரது சாப்பாட்டை எடுத்தது போதாதென்று இப்போது மானத்தையும் எடுத்தாகிவிட்டது.

"கொட்டல" என்றாள்.

யார் காதிலும் சரியாக விழவில்லை.

"கொட்டலம்மா. அவர் கொட்டச் சொல்லல, நானும் கொட்டல. நான் தின்னுட்டேன். தினமும். அந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு நானே தின்னுட்டேன். எனக்குப் பசிக்குது. எனக்கு எப்பவுமே பசிக்குது."

பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பெரிய நர்ஸ் கையில் பிடித்திருந்த ஊசியோடு அப்படியே நின்றார். ரேடியோவே வாயடைத்துப் போனாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சூப்பக்காவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"தெரியும்" என்றார் பஸ் டிரைவர், ஜன்னலைப் பார்த்தபடியே.

அவள் முந்தானையை இறக்கினாள்.

"மத்தியானம் அந்த ரூமுக்குள்ள வெயில் அடிக்கும் தங்கச்சி. கண்ணாடியில நிழல் விழும். முதல் நாளே பார்த்துட்டேன். நின்னுக்கிட்டே அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டே. யாரோ பிடுங்கிக்க வர்ற மாதிரி. சரி, வீணாப் போகல, ஒரு வயித்துக்காவது போகுதேன்னு நினைச்சேன். அதான் தைரியமாக் கொடுத்தேன்."

"அண்ணே..."

"அன்னைக்கு உனக்கு விக்கிக்கிச்சு. சுவத்தைப் பிடிச்சுட்டு நெஞ்சைக் குத்திக்கிட்டு நின்னே. கூப்பிட்டா யாருக்காவது தெரிஞ்சுடும், உனக்கு அசிங்கமாப் போயிடும்னு, நானே தண்ணி கொண்டு வந்து கொடுக்கலாம்னு எந்திரிச்சேன். கால் நிக்கல."

தரையில் கொட்டிக் கிடந்த தண்ணீர் அவள் கண்ணுக்குள் வந்தது. கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்த டம்ளர். அதைத் தன் கையாலேயே எடுத்து, இவருக்கு ஏன் இந்த வேலை என்று மனசுக்குள் சலித்துக்கொண்டு மேசையில் வைத்தாளே! அவள் அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. அழுதால் யாராவது சமாதானம் சொல்வார்கள், அதற்குக்கூடத் தனக்கு அருகதை இல்லை என்று தோன்றியது.

அவர் கையை நீட்டி அவள் தலையைத் தொட முயன்றார். எட்டவில்லை. "எங்கிட்ட மட்டும் அவ்வளவு பேசினியே. உன் உடம்பு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

பெரிய நர்ஸ் வெளியே கூட்டிக்கொண்டு போய் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "வேலையை விட்டு அனுப்பணும்னா அனுப்பலாம்" என்றார். "ஆனா நீங்களா வந்து சொன்னீங்க, அதனால மேல பேசிப் பார்க்கிறேன். நாளையில இருந்து பின்னாடி மேசையில எல்லாரோடயும் உட்கார்ந்து சாப்பிட்டுட்டுத்தான் வார்டுக்குள்ள காலை வைக்கணும். ரேடியோ பார்த்துட்டு எங்கிட்டச் சொல்லணும்."

தண்டனை என்று பார்த்தால் அதைவிடப் பெரிய தண்டனை வேறு இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் வழக்கம் போலக் கணவருக்கும் மகனுக்கும் பரிமாறினாள். பாத்திரத்தில் கொஞ்சம் மிஞ்சியது. "அதையும் இவனுக்கே போட்டுடு, உனக்குத்தான் பசிக்காதே" என்றார் கணவர். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது அவருக்கு. இருபுறமும் பழகிப்போன பேச்சு.

"எனக்குப் பசிக்குதுங்க" என்றாள்.

அவர் சிரித்தார். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"எப்ப இருந்து?"

"கல்யாணம் ஆனதுல இருந்து."

மகன் கையை உதறிவிட்டு எழுந்து போய் ஒரு தட்டைக் கொண்டு வந்து வைத்தான். கணவர் சோற்றையும் காயையும் எடுத்து அதில் வைத்தார். அவருக்குப் பரிமாறிப் பழக்கமில்லை. பாதி கீழே சிந்தியது. "நான் கேட்டிருக்கணும். ஒரு தடவையாவது கேட்டிருக்கணும்" என்று அந்தச் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். அவள் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். அன்றைக்கு அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் பின்கட்டு மேசைக்குப் போனாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்தரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள், அது அதைவிட மோசம். ரேடியோ நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தாள். பார்க்கிறார்கள், பார்க்கிறார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. வேக வேகமாக அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

வண்டியோடு ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனபோது அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள், பெரிய நர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. சூப்பை ஊற்றி, தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

"சாப்பிட்டியா?" என்றார் பஸ் டிரைவர்.

"சாப்பிட்டேண்ணே."

"சூப்புல உப்பு சரியா இருந்துச்சா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். தொண்டையில் இறங்கியது ஞாபகம் இருந்தது. நாக்கில் பட்டது ஞாபகம் இல்லை. இத்தனை நாள் இந்தச் சூப்பைக் குடித்தாளே, அதன் ருசி என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

"தெரியலண்ணே" என்றாள் வெட்கத்தோடு.

"பார்த்துட்டு வந்து சொல்லு. அப்புறம் குடிக்கலாமா வேணாமான்னு நான் யோசிக்கிறேன்."

அன்றைக்கு அவர் நர்ஸின் கட்டாயத்துக்காக இரண்டு வாய் குடித்தார். தட்டு கீழ் அடுக்கில் போனது.

அடுத்த நாள் அவள் மேசையில் உட்கார்ந்து, சூப்பை எடுத்து வாயில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். காரட் தனியாகத் தெரிந்தது. வெங்காயம் கொஞ்சம் இனித்தது. மிளகு எங்கேயோ கடைசியில் வந்து தொட்டுவிட்டுப் போனது. என்னடி கண்ணை மூடிக்கிட்டே என்று ரேடியோ கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். நாலு பேர் நடுவில் உட்கார்ந்து ருசி பார்க்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

வார்டுக்குப் போனாள். அவர் சொல்லு என்பது போலப் பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மிண்ணே" என்றாள்.

அவர் கரண்டியை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டி, முகத்தைச் சுளித்து, இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "கம்மிதான்."

பாதிச் சூப்பு வரைக்கும் போனார். ரொட்டியில் ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டார். முட்டையைத் தொடவில்லை. போதும் என்று கையைக் காட்டியதும் அவள் தட்டை எடுத்துக்கொண்டாள். படுக்கை விரிப்பு அறையின் கதவு திறந்தே கிடந்தது, அந்தப் பக்கம் பார்க்காமல் தாண்டி வந்தாள். முட்டையும் மிச்சச் சூப்புமாக அந்தத் தட்டைக் கீழ் அடுக்கில், எண் வெளியே தெரியும்படி வைத்து, பெரிய நர்ஸின் நாற்காலிக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள்.